‘ஏழை வரி’ பொருந்துமா?

ஜகாத் என்னும் அரபுச் சொல்லைத் தமிழில் ‘ஏழை வரி’ என வழங்குவது நெடுநாளைய வழக்கு. சொல் எளியது, கேட்ட அளவில் விளங்குவது. ஆயினும், அது பொருளுக்கு ஒத்த சொல்லா என்பது ஆராயத்தக்கது. ஒரு சொல்லின் குறை ஒருவருக்குரிய பங்கினையே மறைக்குமாயின், அஃது இலக்கண ஆசிரியர் கவலை மட்டுமன்று.

முதற்கண் ‘வரி’யை நோக்குவோம். வரி அரசின் பொதுச் செலவிற்கு உரியது. ஜகாத் அங்ஙனமன்று. நிறைவளவை, அஃதாவது ஏறத்தாழ 85 கிராம் பொன்னின் மதிப்பை, எட்டிய செல்வம் ஓராண்டு கையில் நிற்குமாயின், அதில் நாற்பதில் ஒரு பங்கு கடமையாகும். அப்பங்கினை யார் யார் பெறலாம் என்பதைத் திருக்குர்ஆனின் 9ஆம் அத்தியாயம், 60ஆம் வசனம் வரையறுத்துவிட்டது. திரட்டுவோர் தம் விருப்பம்போல் மாற்றுதற்கு இடமில்லை.

இனி, ‘ஏழை’. அவ்வசனம் கூறும் பிரிவினர் எண்மர்: வறியர், தேவை நிறையாதோர், ஜகாத்தைத் திரட்டிப் பங்கிடும் பணியாளர், உள்ளம் இணக்கப்படுவோர், அடிமைத்தளையில் இருந்தோர், கடனாளிகள், இறைவழிப் பணி, வழிப்போக்கர். பணியாளர் வறியராதல் வேண்டுவதில்லை. அவர் பெறுவது உழைப்பின் ஊதியம். ஊரில் செல்வராயினும் வழியில் பொருளிழந்து தவிப்பவர் வழிப்போக்கர் பங்கிற்கு உரியர். இருவரிடைப் பகை தீர்க்கக் கடன்பட்டவர் வசதியுடையவராயினும் பெறலாம் என்பர் ஷாஃபிஈ அறிஞர். ‘ஏழை’ என்ற ஒரு சொல்லில் இவர்கள் அடங்குவரோ?

அவ்வசனத்தின் சொல்லமைப்பும் தமிழாசிரியர் கருதத்தக்கது. முதல் நால்வருக்கு வரும் அரபு இடைச்சொல் நம் நான்காம் வேற்றுமையின் ‘கு’ உருபை ஒத்தது. பின்னுள்ள நான்கிற்கு வருவது ஏழாம் வேற்றுமையின் ‘இல்’ போன்றது. முன்னவர் பெற்றதைத் தமக்கே உடைமையாகக் கொள்வர்; பின்னவற்றில் அப்பொருள் விடுதலை, கடன்தீர்வு முதலிய நோக்கத்திற்குச் செல்லும் என்று உரைகாரர் சிலர் விளக்குவர். இரண்டு உருபுகள் காட்டும் இந்நுட்பம் ‘ஏழை வரி’யில் அடியோடு மறைந்துவிடுகிறது.

‘ஏழை வரி’ என்பார்க்கும் ஒரு சான்று உண்டு. நபிகள் நாயகம் முஆத் அவர்களை யமன் நாட்டிற்கு அனுப்பியபோது, செல்வரிடம் பெற்று அவர்தம் வறியரிடமே திருப்பித் தரப்படுவது எனக் கூறியதாக நபிமொழி உண்டு. வறியரே முதன்மையர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அங்கும் ‘திருப்பித் தரப்படுவது’ என்ற குறிப்பு ஈகையை விட உரிமைக்கே அணித்தாகும்.

வறியரையேனும் நாம் சரியாக அறிந்தோமா? ‘ஃபகீர்’ என்ற சொல் தமிழில் ‘பக்கிரி’யாகிக் கையேந்தித் திரிபவர் எனப் பொருள் சுருங்கிற்று. ‘மிஸ்கீன்’ என்பதும் பேச்சில் பிச்சைக்காரர் என்றாயிற்று. ஓரிரு கவளத்திற்கு அலைபவர் மிஸ்கீன் அல்லர். போதிய பொருளின்றியும் பிறர் அறியாவண்ணம் வாழ்ந்து, கேளாதிருப்பவரே மிஸ்கீன் என்பது நபிமொழியின் கருத்து. திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயமோ, கடலில் உழைக்கும் படகு உடையோரையே அச்சொல்லால் சுட்டுகிறது. படகு இருப்பதாலேயே ஒருவர் நிறைவுடையவர் ஆகிவிடார் என்பதற்கு அறிஞர் இதனையே சான்று காட்டுவர்.

இவ்விடத்தில் சிங்கப்பூரின் செங்காங்கை நினைத்தல் பொருந்தும். அப்பெயருக்குச் சீன மொழியில் வளமான துறைமுகம் என்பது பொருள். ஒருகாலத்தில் அதனை அடுத்த காங்கார் மீனவர் ஊராக இருந்தது. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் நிறைந்துள்ளன. 2009இல் திறக்கப்பட்ட அல்-மவத்தா பள்ளிவாசலும் உண்டு. அங்குச் சொந்த வீட்டில் குடியிருக்கும் ஒருவர், மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டு சேர்த்துப் பிழைக்கிறார் எனக் கொள்வோம். வருவாய் பிள்ளைகளின் தேவைக்குப் போதவில்லை. ‘வீடும் வண்டியும் உடையவர் ஏழையா?’ என்று அண்டை வீட்டார் கேட்பர். அவரும் நாணி விண்ணப்பம் செய்யார். குடியிருக்கும் வீடும் தொழிற்கருவியும் ஒருவரைத் தகுதியிழக்கச் செய்யா என்பதே சட்ட அறிஞர் கருத்து. அவ்வண்டி இக்காலத்துப் படகு அன்றோ!

1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1968இல் அமைந்த சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் ஜகாத்தைத் திரட்டி எண்மர்க்கும் வகைப்படுத்துகிறது. அமைப்பு உண்டு, ஆனால் தமக்குப் பங்குண்டு என்று அறியாதவர் அதன் வாயிலை எங்ஙனம் நாடுவர்?

கொடையைப் பாடிய தமிழுக்கு இந்நயம் புதிதன்று. வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரமும் இரத்தலின் அச்சத்திற்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தார். ‘இல்லை’ என்னும் இழிவை ஒருவன் வாய்திறந்து சொல்லுமுன் குறிப்பறிந்து கொடுத்தல் எனவும் ஒரு குறளுக்கு உரை உண்டு. எனினும், நம் பழம்பாடல்களில் பெறுபவன் வள்ளலைப் புகழ்கிறான். ஜகாத்தில் பெறுபவர் யாரையும் புகழ வேண்டியதில்லை; அவர் பெறுவது தம் பங்கு.

ஆதலின், ‘ஜகாத்’ என்ற சொல்லையே திசைச்சொல்லாக ஏற்றல் நன்று. விளக்கம் வேண்டுமிடத்து ‘உரிமைப் பங்கு’ எனலாம். ‘ஏழை வரி’ என்று கேட்ட மாணவன் கையேந்தி நிற்பவரை மட்டும் தேடுவான். ‘உரிமைப் பங்கு’ என்று கேட்டவன், கதவைச் சாத்திக்கொண்டு கடன் கணக்குப் பார்க்கும் அண்டை வீட்டாரையும் நினைப்பான்.