மங்கிப்போகும் பின்னணி

செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரி. மே மாதம், தண்ணீர் நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கி, உள்வாய் முழுக்க வெடித்த களிமண்ணும் காய்ந்த கோரையுமாகக் கிடந்தது. அந்த வெறுந்தரையில் ஆள்காட்டிக் குருவி ஒன்று நான்கு முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. கூடு என்று சொல்ல எதுவும் இல்லை. சிறு குழி, சுற்றிலும் சில கூழாங்கற்கள், மண்ணின் நிறத்திலேயே முட்டைகள். நண்பர் ஒருவர் முந்தின வாரமே பார்த்துவைத்து வாட்ஸாப்பில் இடத்தைச் சொல்லியிருந்தார். ஏழு பேர் போனோம். அரைவட்டமாகக் குப்புறப் படுத்து, லென்ஸைத் தரையோடு தரையாக வைத்தோம். பறவை எழுந்து, கத்திக்கொண்டே எங்கள் தலைக்குமேல் சுற்றியது. வெகுநேரம் கழித்துக் குட்டைக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின் மேல் நின்றது. கோடை வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க ஆள்காட்டி செய்கிற வேலை அது. வயிற்றிலிருந்து நீர் சொட்டும் அந்தக் கணம் எனக்குப் படமாகக் கிடைத்தது. கண் கூர்மையாக விழுந்திருந்தது. துளிகள் ஒளிர்ந்தன. பின்னணி வெண்ணெய்போலக் குழைந்திருந்தது.

நான் எடுத்தவற்றில் அதிகம் பாராட்டப்பட்ட படம் அதுதான். நாங்கள் படுத்திருந்த நாற்பது நிமிடத்தில் பெரும்பகுதி அந்த முட்டைகள் நிழலின்றிக் காய்ந்தன என்பது அதில் தெரியாது. அவை பொரித்தனவா என்று நான் திரும்பிப் போய்ப் பார்க்கவும் இல்லை.

வார இறுதியில் கேமராவோடு ஏரிக்கும் காட்டுக்கும் கிளம்பும் பழக்கம் தமிழ்நாட்டில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் சாலையோரத்தில் ஒரு ஞாயிறு காலை நின்றால் தெரிந்துவிடும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். என் விடுமுறைகளுக்கு அர்த்தம் கொடுத்த பழக்கம் இது. அதனாலேயே இதன் குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பின்னணியை மங்கவைக்க நாம் பழகிவிட்டோம் என்பதுதான் அந்தக் குறை. லென்ஸால் இடத்தை மங்கவைக்கிறோம். எடுத்த விதத்தை வெளியே சொல்லாமல் அதையும் மங்கவைக்கிறோம்.

இந்தப் பழக்கம் செய்திருக்கும் நன்மை பெரியது. பறவையைப் பார்க்கத் தெரியாதவனுக்குக் கேமரா பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது. குளிர்காலத்தில் வரும் உள்ளான்களை எடுத்துக்கொள்ளுங்கள். கால் நிறம், அலகின் வளைவு, முதுகின் புள்ளிகள் என்று ஒன்றை மற்றொன்றாக நினைக்கவைக்கும் இனங்கள் ஏழெட்டாவது இருக்கும். கண்ணால் பார்த்தது வீடு வந்து சேர்வதற்குள் நினைவில் நிறம் மாறிவிடும். படம் மாறாது. இரவு உட்கார்ந்து, படத்தைப் பெரிதாக்கி, புத்தகத்தோடு ஒப்பிட்டு, தவறாகப் பெயர் வைத்து, தெரிந்தவரிடம் திருத்தம் வாங்கி இனம் காணக் கற்றவர்கள் எங்களில் பலர்.

2015இல் நிக்கான் கூல்பிக்ஸ் பி900 வந்தது. 83 மடங்கு ஜூம் கொண்ட, தோளில் மாட்டிக்கொண்டு நடக்கக்கூடிய கேமரா. பல லட்ச ரூபாய் லென்ஸை நினைத்தும் பார்க்க முடியாத பள்ளி ஆசிரியரும் வங்கி ஊழியரும் கல்லூரி மாணவரும் ஏரிக்கரைக்கு வர அது வழிவிட்டது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தொடங்கியதும் அதே 2015இல்தான். பொங்கல் விடுமுறையில் அவரவர் ஊரில், கால் மணி நேரமாவது ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி இ-பேர்டு தளத்தில் ஏற்றுகிறார்கள். ‘இந்தியப் பறவைகளின் நிலை 2023’ அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. ஏறத்தாழ 30,000 ஆர்வலர்கள் பதிந்த சுமார் 3 கோடிப் பதிவுகள் அதற்கு அடித்தளம். இவர்களில் மிகப் பலர் வேறு வேலை பார்ப்பவர்கள். வழக்கத்துக்கு மாறான ஒரு பதிவைப் பார்த்து ‘உண்மையா?’ என்ற கேள்வி எழும்போது சான்றாக வந்து நிற்பது பெரும்பாலும் ஒரு படம்தான். கலங்கலாக, பாதிப் பறவை கிளைக்குப் பின்னால் மறைந்த ஒரு படமாகவும் அது இருக்கும்.

அத்தகைய படத்துக்கு எங்கள் வட்டாரத்தில் ‘ரெக்கார்ட் ஷாட்’ என்று பெயர். அந்தச் சொல்லை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. “ரெக்கார்ட் ஷாட்தான், மன்னிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டுத்தான் படத்தையே காட்டுவார்கள். பறவை எங்கே, எப்போது, எந்த மரத்தில், எதைத் தின்றுகொண்டிருந்தது என்று சொல்லும் படம் மன்னிப்புக் கேட்கிறது. எந்த ஊர், எந்தப் பருவம் என்றே கண்டுபிடிக்க முடியாத, சுத்தமான குச்சியில் உட்கார்ந்த பறவையின் உருவப்படம் விருது வாங்குகிறது. இந்த மதிப்பீடு தலைகீழானது என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கே மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியாது. 1912இல் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் எழுதினார், அந்தக் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுத்திருக்கிறார். படம் எடுத்தது கறுப்பு வெள்ளையில். அதற்கான கேமராவைக்கூடப் பல பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிக்கொண்டார். இன்றைய கண்ணோடு பார்த்தால் அந்தப் படங்கள் முதலில் ஏமாற்றம் தரலாம். நிறமில்லை, மயிர்க்கால் வரை தெரியும் கூர்மையில்லை. நின்று பார்த்தால்தான் பிடிபடும்: விலங்கு தன் இடத்தில் நிற்கிறது. புல் எவ்வளவு உயரம், கூட்டத்தில் யார் யார் பக்கத்தில், காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றெல்லாம் படத்திலிருந்து படித்துக்கொள்ளலாம். எழுத்தில் அவர் செய்த கூர்ந்த பார்வையின் மறுபாதி அது.

அன்றைக்கு அவரிடம் 600 மில்லிமீட்டர் லென்ஸும் நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவும் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அவருடைய பாணியில் ஒரு பங்கு அக்காலக் கருவிகள் விதித்த எல்லை என்பதை மறுக்க மாட்டேன். நெருக்கப் படங்களுக்கு மதிப்பில்லை என்றும் சொல்ல வரவில்லை. பனங்காடையின் இறக்கை நீலத்தை அப்படி ஒரு படத்தில் கண்டுதான் என் மகள் பறவைகள் பக்கம் திரும்பினாள். ஆனால் நெருக்கப் படமே ஒரே இலக்கணமாகும்போது, படம் எடுப்பவர் நடத்தையே அதற்கேற்ப வளைகிறது. முகம் தெரிய வேண்டுமென்றால் கிட்டப் போக வேண்டும். கிட்டப் போனால் பறவை பறந்துவிடும். பறக்காமல் இருக்க ஏதாவது செய்ய வேண்டும். அந்த ‘ஏதாவது’ என்ற இடத்தில்தான் எல்லாக் கேடும் நுழைகிறது.

அலைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிடுவது அதில் ஒன்று. ‘கால் போடுவது’ என்பார்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று நம்பி, இரை தேடுவதையும் குஞ்சுக்கு ஊட்டுவதையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. வந்து பார்த்தால் எதிரி இல்லை. படம் எடுத்தவர் போய்விடுகிறார். அடுத்த காரில் அடுத்தவர் வருகிறார், மறுபடி அதே குரல். ஆறுமணிக்குருவி வடக்கிலிருந்து நெடுந்தூரம் பறந்து வந்து குளிர்காலத்தை நம் தோப்புகளில் கழிக்கிற பறவை. வந்து இறங்கிய களைப்பு தீருமுன்னே அதன் குரலையே அதற்குப் போட்டுக் காட்டி அலைக்கழிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் படங்களும் மிக அழகாகத்தான் வருகின்றன.

‘ஹைடு’ விஷயத்தில் என்னால் அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. கேரளத்துத் தட்டேக்காட்டிலும் கர்நாடகத்தின் கணேஷ்குடியிலும் உள்ளதுபோல, துணியோ ஓலையோ போட்ட மறைவிடம், எதிரே ஒரு சிறு தண்ணீர்த் தொட்டி, பறவை வந்து உட்கார நட்ட குச்சி. உள்ளே இருப்பவர் பேசாமல் ஒரே இடத்தில் இருக்கிறார். காட்டைச் சல்லடை போட்டுத் துரத்துவதைவிட இது எவ்வளவோ மேல். உள்ளூர்க் குடும்பங்களுக்கு வருமானம் வருகிறது. பறவை உயிரோடு இருப்பதால் காசு வருகிறது என்பது சின்ன விஷயமல்ல. வாரம் முழுதும் புழுவும் பழமும் போட்டுப் பழக்கும்போதுதான் நெருடுகிறது. அப்போது அங்கே வருவது அந்தக் காட்டுப் பறவைதான் என்றாலும், நாம் எடுப்பது அதன் வாழ்க்கையை அல்ல. அப்படி எடுத்த படத்தின் கீழே ‘தீனி வைத்து எடுத்தது’ என்று ஒரு வரி எழுதினால் என் ஆட்சேபம் பெருமளவு தீர்ந்துவிடும். அந்த ஒரு வரியை எழுதுபவர்கள் மிகக் குறைவு.

எழுதாமல் விட்டதன் விளைவை உலகமே பார்த்திருக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் புகழ்பெற்ற காட்டுயிர்ப் படப் போட்டியில் 2009இல் முதற்பரிசு பெற்றது, இரவில் வேலியைத் தாண்டிப் பாயும் ஓர் ஓநாயின் படம். அது பழக்கிய ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் முடிவு செய்ததும் பரிசு திரும்பப் பெறப்பட்டது. அதே போட்டியில் 2017இல் ஒரு பிரிவில் வென்ற எறும்புதின்னியின் படமும் அடுத்த ஆண்டு தகுதி இழந்தது. படத்தில் இருந்தது பாடம் செய்த உடல் என்று கண்டார்கள். இவை ஏமாற்று என்பதால் எல்லோருக்கும் கோபம் வந்தது. என் ஆள்காட்டிப் படத்தில் ஏமாற்று எதுவும் இல்லை. பறவை உண்மை, துளி உண்மை, வெயில் உண்மை. அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. உயிருக்கு நேரும் தீங்கை வைத்துப் பார்த்தால், செத்த எறும்புதின்னியைவிட என் படம்தான் மோசமானது.

நம் சட்டமும் இதை அப்படித்தான் பார்க்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்கான வரையறைக்குள், காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் தொந்தரவு செய்வதும் அடங்குகிறது. துப்பாக்கிக்குப் பதில் கேமராவைப் பிடித்தவர்கள் என்று நம்மைப் பற்றி நாமே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். இதைப் படித்தபின் என்னால் அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

தவளை, பாம்பு, தேவாங்கு என்று இரவில் டார்ச்சோடு தேடிப் போகிறவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். தோலாலும் மூச்சுவிடும் தவளையை, கொசு மருந்து தடவிய கையால் பிடித்து அழகான இலைமேல் உட்காரவைக்கிறார்கள் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

பலர் படம் எடுக்கப் பழகுவது வீட்டு நாயிடமோ பூனையிடமோதான். இதைச் சிலர் மட்டமாகப் பேசுவதுண்டு; எனக்கு இதுவே நல்ல பள்ளியாகப் படுகிறது. எங்கள் வீட்டு நாய்க்கு லென்ஸ் முகத்தருகே வந்தால் பிடிக்காது. முதலில் கண்ணைத் திருப்பும், பிறகு உதட்டை நக்கும், தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும். மூன்றாவது அடையாளத்தில் நான் கேமராவைக் கீழே வைத்துவிடுவேன். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, பாசம் சொல்லிக்கொடுத்தது. ஏரிக்கரைப் பறவைக்கும் இதே போன்ற மொழி இருக்கிறது. மேய்வதை நிறுத்தி அசையாமல் நிற்கும், கழுத்தை நீட்டும், எச்சரிக்கைக் குரல் கொடுக்கும், பறக்குமுன் எச்சமிடும். நாயிடம் படித்துக்கொண்ட அதே நான், ஆள்காட்டி தலைக்குமேல் கத்தியபோது அதை ‘ஆக்‌ஷன்’ என்று எண்ணிக்கொண்டு பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன்.

இன்னொரு கோளாறு கூட்டம். தனியாகப் போகிறவர் செய்யும் தவறு ஒரு நாளோடு முடியும். இடத்தைப் பகிர்ந்துவிட்டால் ஒரு பருவம் முழுக்க நீளும். வால்பாறைப் பக்கம் இருவாச்சி கூடு வைக்கும்போது பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டுவிடும். சிறு பிளவு வழியாக ஆண் ஊட்டும் இரைதான் தாய்க்கும் குஞ்சுக்கும் உயிர். அந்த மரத்தடியில் ஆட்கள் நின்றால் ஆண் வர அஞ்சி அடுத்த மரத்தில் காத்திருக்கும். உள்ளே பசி. இ-பேர்டு போன்ற தளங்கள் ஆபத்திலுள்ள சில இனங்களின் இடத்தைப் பொதுவில் காட்டாமல் மறைக்கின்றன. நம் வாட்ஸாப் குழுக்களில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. இடம் கேட்டுச் சொல்லாதவரைக் கஞ்சன் என்கிறோம்.

வேடந்தாங்கலுக்கு வரும் புதியவர்கள் பலர் சொல்லும் குறை, “ரொம்பத் தூரம், லென்ஸ் எட்டவில்லை” என்பது. கரையில் நின்றால் நீர்க்கடம்பு மரங்கள் தண்ணீருக்கு நடுவே இருக்கின்றன. நத்தைக்குத்தி நாரையும் வக்காவும் பாம்புத்தாராவும் நம்மைக் கண்டுகொள்ளாமல் குச்சி திருடிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். சுட்டுக் கொல்லும் வெள்ளைக்காரச் சிப்பாய்களிடமிருந்து இந்தப் பறவைகளைக் காக்க, 1790களில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் உறுதிப் பத்திரம் வாங்கிய ஊர் அது. தீபாவளிக்கு வெடி போடாத ஊர். பெயரில் வேடன் இருந்தும் வேட்டையைத் தடுத்த ஊர். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தூரத்தை நான் இப்போது குறையாக நினைப்பதில்லை. அங்கே எடுக்கும் படத்தில் பறவை சிறியதாக இருக்கும். அது செய்யும் வேலை முழுதாக இருக்கும்.

தொழில்முறைக்காரருக்கு இதழாசிரியரும் விற்பனையும் கெடுவும் இருக்கின்றன. நமக்கு அவை எதுவும் இல்லை. படம் கிடைக்காமல் வீடு திரும்பினால் கேட்பார் கிடையாது. ஒரே ஏரிக்குப் பத்து ஆண்டு போகலாம். ஒரே மரத்தை நான்கு பருவத்திலும் எடுக்கலாம். இந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு விருதுப் படங்களின் நகலை ஏன் தேடுகிறோம் என்பது எனக்குப் புரியாத புதிர்.

சென்ற பொங்கலன்று பெரும்பாக்கம் ஏரியில் எடுத்த ஒரு படத்தை அச்சிட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். ஓரத்தில் கூழைக்கடா ஒன்று, நகம் அளவுக்கு. நாமக்கோழிகள் கறுப்புப் புள்ளிகளாகப் பரவிக் கிடக்கின்றன. பின்னால் அடுக்குமாடிகள், ஒரு கிரேன். முன்னால் ஆகாயத்தாமரையில் சிக்கிய தெர்மாகோல் துண்டு. எதுவும் மங்கவில்லை. பின்புறம் பென்சிலால் எழுதியிருப்பது: “காலை 7.10. கரையிலிருந்து. கூழைக்கடா 1, நாமக்கோழி ஏறக்குறைய 40. நான் கிளம்பும்போதும் மேய்ந்துகொண்டிருந்தன.”