அரங்கக் கட்டடமும் கூத்துக் களரியும்

ஈழத்து அரங்க வரலாற்றை ஆராய்வோர் நாடகப் பிரதிகளைப் பற்றியே பெரிதும் பேசுவர். கட்டடங்களைக் கருத்திற் கொள்வது அரிது. எனினும் பார்ப்போன் எங்கே, எவருடன் அமர்கிறான் என்பது வர்க்க உறவுகளோடு பிணைந்த வினாவாகும்.

புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் வாழ்ந்த காணியில், அவர் நினைவாகக் கொழும்பில் 1953 இல் திறக்கப்பட்ட அரங்கு, ஆங்கிலங் கற்ற உயர்குழாத்தின் கலைவட்டத்திலிருந்து தோன்றியது. அங்கேயே 1956 இல் சரச்சந்திரவின் ‘மனமே’ அரங்கேறிற்று. கிராமிய நாடக மரபு தலைநகரின் படச்சட்ட மேடையை வென்றமை பெருஞ் சாதனையே. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றால் தமிழ்க் கூத்துக்கும் அத்தகைய மதிப்பைத் தேடித்தந்தார். ஆனால் மட்டக்களப்பின் வட்டக்களரியைச் சூழ்ந்து விடியும்வரை இருந்த உழவரின் இடத்தில், இப்போது பெரும்பாலும் கற்ற நடுத்தர வர்க்கத்தினர் அமர்ந்தனர். நாற்புறமும் நோக்கிய ஆட்டம் ஒருபுறம் திரும்பிற்று; இராமுழுதும் நிகழ்ந்தது சில மணித்தியாலமாகச் சுருங்கிற்று. இதனை வெறுஞ் செம்மைப்படுத்தல் என்பாருடன் நாம் உடன்படோம்.

திருகோணமலைத் துறைமுகத்தை இங்குச் சுட்டுதல் தகும். 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்த அங்கே ஏகாதிபத்தியம் ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகளை எழுப்பியது. எவர் தேவைக்கு அவை எழுந்தன என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. அத்துறைமுகத்தருகே அரங்கொன்று அமையுமாயின், அது லயனல் வென்டின் நகலாகாது, மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் வேலை முடித்து வந்து சுற்றி அமரத்தக்க களரியாக அமைதல் வேண்டும்.