தம்சாரேயின் 'உண்மையும் நீதியும்': ஒரு நோக்கு

எஸ்தோனிய நாவலாசிரியருள் தலைசிறந்தவராகப் போற்றப்படுபவர் தம்சாரே (1878–1940). 1926 முதல் 1933 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்த 'உண்மையும் நீதியும்' இவர்தம் பெரும்படைப்பு. அதன் முதற்பகுதி மனிதன் மண்ணோடு நிகழ்த்தும் போராட்டம் என்று ஆசிரியரே குறித்தார். ஆராய்ச்சியாளர் பலரும் அதனையே வழிமொழிவர். அக்கூற்று முழுதும் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வர்காமே என்னும் சதுப்புநிலப் பண்ணையை வாங்கிக் குடியேறும் அந்திரெஸ், நிலத்தைத் திருத்த வாய்க்கால் வெட்டுகின்றான். ஆயின், அவனை அலைக்கழிப்பது சேறு மட்டுமன்று. அண்டை வீட்டானாகிய பெயாருவின் சூழ்ச்சியும் அதனால் விளையும் தீராத வழக்குகளுமாம். நீதியை நாடி மன்றம் ஏறியவன், நாளடைவில் தானும் சூழ்ச்சி பழகுகின்றான். விவிலியம் ஓதுபவனாயினும் அவன் உள்ளம் வன்மையுறுகின்றது. முதல் மனைவி மகப்பேற்றின்பின் இறக்கின்றாள். பாடுபட்டால் அன்பு தானே வரும் என்பது அவன் கொள்கை. எத்துணைப் பாடுபட்டும் அன்பு அங்கு வரவில்லையே என்று மகன் இந்திரேக் அதனை மறுக்கின்றான்.

ஐந்தாம் பகுதியில், குற்றச்சுமையோடு வர்காமே மீளும் இந்திரேக் அங்கேயே வாய்க்கால் வெட்டுகின்றான். நிலமும் தொழிலும் மாறவில்லை. தொழில் செய்வான் மனமே மாறியது. தந்தைக்கு உடைமை பெருக்கும் வழியாயிருந்த உழைப்பு, மகனுக்குக் கழுவாயாகின்றது.

ஆகலின், மண்ணோடு பொருதல் புறநிலையே எனத் துணிகின்றோம். அன்பு நீங்கியவிடத்து, உண்மையும் நீதியும் வழக்காடும் கருவிகளாகவே எஞ்சும் என்பதே இந்நாவலின் உயிர்நிலை.