ஓட்டிவிட்ட காட்சிகள்

1

கான்குன் ரிசார்ட்டில் போய் இறங்கியதும் முதல் வேலையாக மணிக்கட்டில் ஒரு நீலப் பட்டையைக் கட்டினார்கள். இறுக்கிவிட்டு நுனியை வெட்டினார்கள். ஊருக்குக் கிளம்பும்போது கத்தரிக்கோல் வைத்துத்தான் எடுக்க முடியும். அது கையில் இருக்கும்வரை எதற்கும் பில் வராது. காலையில் எட்டு வகை முட்டை, மதியம் நீச்சல் குளத்துக்குள்ளேயே பார், ராத்திரி பஃபே. டல்லாஸிலிருந்து எங்களோடு குடும்பத்தோடு வந்திருந்த நண்பன் சொன்னான்: “மச்சி, பர்ஸை லாக்கர்ல போட்டுப் பூட்டு. நாலு நாளைக்கு அதை மறந்துடு.” மறந்துவிட்டேன். உண்மையில் சுகமாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் இரவு மகள் தூங்கிய பிறகு, மெக்சிகோவில் இருக்கிறோமே, ஒரு மெக்சிகன் படம் பார்ப்போம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். அல்ஃபோன்சோ குவாரோன் 2001இல் எடுத்த ‘இ து மமா தாம்பியன்’. தமிழில் சொன்னால் ‘உங்கம்மாவும்தான்’. ஏற்கெனவே பார்த்த படம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2008, இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. எங்கள் ஹாஸ்டலில் ஒரு ஹார்டு டிஸ்க் அறை அறையாகச் சுற்றும். அதில் ‘வேர்ல்டு சினிமா’ என்று ஒரு ஃபோல்டர். அந்த வயதில் உலக சினிமா என்றால் எங்களுக்கு என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு லேப்டாப்பைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவன் விரல் எப்போதும் ஃபார்வர்டு பட்டனில் இருக்கும். திரையில் கார் ஓட ஆரம்பித்து, யாரோ ஒருவன் பின்னணியில் ஸ்பானிஷில் எதையோ சொல்லத் தொடங்கினால் போதும், “டேய் ஓட்டு, ஓட்டு” என்று கூச்சல் கிளம்பும். ஒன்றே முக்கால் மணி நேரப் படத்தை இருபது நிமிடத்தில் பார்த்து முடித்தோம். ‘உங்களுக்குப் பிடித்த மெக்சிகன் படம்?’ என்று பிற்பாடு யாராவது கேட்டால் கூசாமல் இந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

ரிசார்ட் அறையில் அன்று ராத்திரி முழுதாகப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. நாங்கள் ஓட்டிவிட்ட இடங்களில்தான் படம் இருந்தது.

2

கதை எளியது. மெக்சிகோ நகரத்துப் பையன்கள் இருவர். டெனோச் பெரிய அரசியல்வாதியின் மகன். ஹூலியோ நடுத்தர வர்க்கம். ஒரு கல்யாண வீட்டில் ஸ்பெயினிலிருந்து வந்த லூயிசாவைச் சந்திக்கிறார்கள். டெனோச்சின் ஒன்றுவிட்ட அண்ணனின் மனைவி. அவளைக் கவர்வதற்காக ‘போகா தெல் சியேலோ’, அதாவது ‘சொர்க்கத்தின் வாய்’ என்று ஒரு கடற்கரை இருப்பதாக அளந்துவிடுகிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. கணவனின் துரோகம் தெரிந்த பிறகு அவள் ‘போகலாம்’ என்கிறாள். மூன்று பேரும் ஒரு பழைய காரில் ஓஹாக்கா மாநிலத்தை நோக்கிக் கிளம்புகிறார்கள். வழி நெடுகப் பேச்சும் சண்டையும் உடலுறவும். விடலைத்தனமான ரோடு மூவி என்று தள்ளிவிடலாம்.

ஆனால் இந்தப் படத்தில் கேமராவுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. சொன்ன வேலையைச் செய்யாது. கல்யாண வீட்டில் ஜனாதிபதியே விருந்தினராக வந்திருக்கிறார். கேமராவோ ஒரு வேலைக்காரப் பெண்ணின் பின்னால் போகிறது. அவள் சாப்பாட்டுத் தட்டோடு வாசலைத் தாண்டி, வரிசையாக நிற்கும் கார்களின் பக்கத்தில் காத்திருக்கும் மெய்க்காவலர்களிடம் போகிறாள். வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது கேமரா மேசையை விட்டு எழுந்து, ஒரு கிழவியைப் பின்தொடர்ந்து சமையல் கட்டுக்குள் நுழைகிறது. அங்கே பெண்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். கதைக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒளிப்பதிவாளர் இம்மானுவேல் லுபெஸ்கி இதை அழகுக்காகச் செய்யவில்லை. சாப்பிடுகிறவர்களின் பேச்சு நமக்குக் கேட்கும் நேரத்தில், சமைக்கிறவர்களின் அறை எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்பதை அளந்து காட்டுகிறார்.

அடுத்தது அந்தக் குரல். டானியேல் ஹிமேனஸ் காச்சோவின் உணர்ச்சியற்ற குரல். அது வருவதற்கு முன் மற்ற எல்லா ஒலியும் அறுபடுகிறது. கார் இரைச்சல் நிற்கிறது, உதடுகள் மட்டும் அசைகின்றன. ஓரிரு நொடி நிசப்தம். பிறகு குரல் ஒரு தகவலைச் சொல்லும். நகரத்தில் டிராஃபிக் ஜாம். ஏதோ போராட்டம் போல என்று பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள். குரல் சொல்கிறது: மார்செலினோ எஸ்குத்தியா, மிச்சோவாகானிலிருந்து வந்த கொத்தனார், பஸ் மோதி இறந்துவிட்டார். நடைமேம்பாலம் இருந்தது. ஆனால் அது தப்பான இடத்தில் இருந்தது. அதில் ஏறிப் போனால் வேலைக்கு இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக நடக்க வேண்டும். பிணத்தைக் கேட்டு ஆள் வர நான்கு நாள் ஆயிற்று. சொல்லிவிட்டுக் குரல் ஓய்கிறது, இரைச்சல் திரும்புகிறது, கார் நகர்கிறது.

கார் தெபெல்மேமே என்ற ஊரின் பெயர்ப்பலகையைக் கடக்கும்போது டெனோச் மௌனமாகிறான். தன்னை வளர்த்த லியோவின் ஊர் அது. பதின்மூன்று வயதில் அங்கிருந்து வேலை தேடி நகரத்துக்கு வந்தவள். நான்கு வயதுவரை அவளைத்தான் அவன் அம்மா என்று கூப்பிட்டிருக்கிறான். அவள் ஊருக்கு ஒருமுறைகூடப் போனதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. அதைக் கூட இருப்பவர்களிடம் சொல்லவில்லை. குரல் நம்மிடம் சொல்கிறது, அவ்வளவுதான். கார் நிற்கவில்லை.

3

மறுநாள் காலை எங்களுக்கு ‘டவுன் விசிட்’. ரிசார்ட் ஏற்பாடு செய்த வேன். நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி வயாதோலித். அதற்கு ஒதுக்கியது ஒன்றரை மணி நேரம். மஞ்சளும் ரோஜா நிறமுமாக வீடுகள், நடுவில் சதுக்கம், பெரிய தேவாலயம், ஊருக்குள்ளேயே சாக்கி என்ற செனோட்டே. சுண்ணாம்புப் பாறை உள்வாங்கி உருவான இயற்கைக் கிணறு. சாக்கி என்பதுதான் இந்த ஊரின் பழைய மாயப் பெயர். 1847இல் தொடங்கிய மாய மக்களின் கிளர்ச்சியில், அடுத்த வருடமே இந்த ஊர் அவர்கள் கைக்குப் போயிருக்கிறது. வழிகாட்டி சதுக்கத்தின் நாற்காலிகளைப் பற்றிச் சொன்னார். இருவர் எதிரெதிராகப் பார்த்து உட்காரும்படி செய்த காதலர் நாற்காலிகளாம். கிளர்ச்சியைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சந்தைப் பக்கம் ஒரு கடையில் கொச்சினீத்தா பிபில் சாப்பிட்டேன். பன்றிக்கறியை அச்சியோத்தே விதை அரைத்த செந்நிற மசாலாவிலும் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றிலும் ஊறவைத்து, வாழையிலையில் சுற்றி, ‘பிப்’ என்கிற மண்குழி அடுப்பில் இரவெல்லாம் வேகவிடுவது. காலைச் சாப்பாடு அது. மதியத்துக்குள் தீர்ந்துவிடும். கறி நார் நாராகப் பிரிந்து வந்தது. மேலே ஊறவைத்த வெங்காயம், பக்கத்தில் ஷ்னிபெக் என்ற ஆபனேரோ மிளகாய்த் துவையல். அந்த மாயச் சொல்லுக்கு ‘நாயின் மூக்கு’ என்று பொருள். தின்றால் மூக்கில் நீர் ஒழுகும் என்பதால் அந்தப் பெயர். ஒழுகியது. மிளகாய்க்கே இதுதான் தாய்நாடு என்பதை நாக்கு ஒப்புக்கொண்டது. வாழையிலை வெந்த வாசனை மட்டும் எனக்கு எங்கள் வீட்டு வாசனையாக இருந்தது.

முதல்நாள் இரவு ரிசார்ட்டின் ‘மெக்சிகன் நைட்’ பஃபேயிலும் இதே பெயர் எழுதிய தட்டு இருந்தது. அதில் காரமும் இல்லை, இலையும் இல்லை.

கடையின் பின்பக்கம் ஒரு திரை. அது காற்றில் விலகியபோது உள்ளே தெரிந்தது. ஒரு பெண் குனிந்து கொப்பரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கவிழ்த்த வாளியின் மேல் ஒரு சிறுமி நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். அவர்கள் பேசிக்கொண்டது ஸ்பானிஷ் இல்லை, மாய மொழியாக இருக்க வேண்டும். முந்தைய இரவு படம் பார்த்திராவிட்டால் அந்தப் பக்கம் பார்வை போயிருக்காது. கையில் இருந்த மொபைல் தானாக உயர்ந்தது. என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: “வேணாம். சாப்பிடத்தானே வந்தோம்.” இறக்கிவிட்டேன். அதற்குள் வழிகாட்டி கைதட்டிக் கூப்பிட்டுவிட்டார். வேன் கிளம்பிவிட்டது.

4

பையன்கள் இட்டுக்கட்டிய கடற்கரை படத்தில் நிஜமாகவே கிடைத்துவிடுகிறது. அங்கே சூய் என்ற மீனவரும் அவர் குடும்பமும் அவர்களைப் படகில் ஏற்றிச் சுற்றிக்காட்டுகிறார்கள். மீன் சமைத்துத் தருகிறார்கள். படத்திலேயே மகிழ்ச்சியான பகுதி இதுதான். சரியாக அங்கே ஒலி அறுபடுகிறது. குரல் வருகிறது. வருடக் கடைசியில் ஓர் ஆடம்பர ஓட்டலுக்காக சூய் குடும்பம் வீட்டைக் காலி செய்யும். அவர் சுற்றுலாப் படகு ஓட்டிப் பார்ப்பார், அகபுல்கோவிலிருந்து வந்த படகோட்டிகள் சங்கம் விடாது. இரண்டு வருடம் கழித்து அதே ஓட்டலில் துப்புரவு வேலைக்குச் சேர்வார். இனி ஒருபோதும் மீன்பிடிக்க மாட்டார்.

இது திரைக்கதையின் கற்பனை என்றாலும் வானத்திலிருந்து விழுந்ததில்லை. நான் கால் நீட்டிப் படுத்திருந்த கான்குனே ஒரு திட்ட அறிக்கையிலிருந்து பிறந்த ஊர். 1960களின் கடைசியில் அந்நியச் செலாவணிக்கு வழி தேடிய மெக்சிகோவின் மத்திய வங்கி அதிகாரிகள், வெயில், மழை, மணல், விமான தூரம் என்று தரவுகளை அலசி இடங்களைத் தேர்ந்தார்கள். கான்குனைத் தேர்ந்தெடுத்தது ஒரு கணினி என்று இன்றும் கதை சொல்வார்கள். என் தொழிலுக்குப் பெருமையா சிறுமையா தெரியவில்லை. 1970இல் வேலை தொடங்கியது, 1974இல் ஓட்டல்கள் திறக்க ஆரம்பித்தன. அதே வருடம் உருவான ‘ஃபோனாத்தூர்’ என்ற அரசு நிதி அமைப்பு இதே மாதிரியைப் பசிபிக் கரையில் ஓஹாக்காவின் உவாதுல்கோவுக்கும் கொண்டுபோனது. 1984இல் அங்கே சுமார் 21,000 ஹெக்டேர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. கரையோரம் வாழ்ந்தவர்களை இடம்பெயர்த்தார்கள்.

குவாரோன் ‘சொர்க்கத்தின் வாய்’ காட்சிகளை எடுத்தது அந்த உவாதுல்கோவின் ககலூத்தா கடற்கரையில். 1998இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் இருப்பதால் அங்கே ஓட்டல் வரவில்லை. படகுச் சுற்றுலாவில் அது இன்று ‘அந்தப் படம் எடுத்த இடம்’.

5

இவ்வளவு சொன்ன பிறகு, படத்தோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

அந்தக் குரலுக்கு எல்லாம் தெரியும். மார்செலினோவின் ஊர் தெரியும், சூயின் எதிர்காலம் தெரியும். ஆனால் சூய்க்கே தெரியாத அவருடைய எதிர்காலத்தை அது நம் காதில் மட்டும் சொல்கிறது. நாம் ‘அடடா’ என்கிறோம். அடுத்த நொடி கடல் சத்தம் திரும்புகிறது, நாம் மறுபடி மூவரின் கதைக்குள் போய்விடுகிறோம். சமையல் கட்டுக்குள் போன கேமரா அங்கே யாரையும் பேசவிடாமலே மேசைக்குத் திரும்பிவிடுகிறது. தெரிந்துகொள்வதோடு கடமை முடிந்துவிட்டதா? இந்தக் கேள்வியைப் படம் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை என்றே பல நாள் நினைத்தேன். ஒரு நல்ல சுற்றுலாப் பயணிக்கும் இதே கண்தான். எல்லாவற்றையும் கவனிப்பான், குறித்துக்கொள்வான், வேனில் ஏறிவிடுவான். பிறகு கட்டுரை எழுதுவான்.

இதற்குப் பதில் பதினேழு வருடம் கழித்து வந்தது. 2018இல் வந்த ‘ரோமா’. குவாரோனை வளர்த்த லிபோரியா ரோட்ரிகஸின் வாழ்க்கையிலிருந்து எடுத்தது. கடைசியில் ‘லிபோவுக்கு’ என்று சமர்ப்பணம். அவருடைய ஊர் தெபெல்மேமே! முதல் படத்தில் கார் நிற்காமல் கடந்த அதே ஊர். இன்னொன்றும் உண்டு. முதல் படத்தில் டெனோச் வீட்டு வேலைக்காரி லியோவாக ஒரு காட்சியில் வருவதும் இதே லிபோதான். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அவன் எடுக்கவில்லை. அவள் எங்கிருந்தோ மாடி ஏறி, அவனுக்குத் தின்பதற்கும் கொண்டுவந்து கொடுத்து, போனை எடுத்து அவன் கையில் தருகிறாள். ஹாஸ்டலில் நாங்கள் ஓட்டிவிட்டதில் இந்தக் காட்சியும் உண்டு.

‘ரோமா’விலும் ஒரு கடற்கரை விடுமுறை இருக்கிறது. வேலைக்காரப் பெண் கிளியோவைக் குடும்பம் துஸ்பானுக்குக் கூட்டிப்போகிறது. குழந்தைகள் அலையில் மாட்டுகிறார்கள். நீச்சல் தெரியாத கிளியோ கடலுக்குள் நடந்து போகிறாள். இந்த முறை கேமரா அவளை விட்டு நகர்வதில்லை. அவள் கூடவே தண்ணீருக்குள் போகிறது, அலை முகத்தில் அடிக்கிறது, திரும்பிக் கரைக்கு வரும்வரை வெட்டு இல்லை. குரலும் இல்லை. அவளைப் பற்றி யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவளே இருக்கிறாள். எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் ஒரு பிள்ளை அவளிடம் வாழைப்பழ மில்க் ஷேக் கேட்கிறது. அவள் போடப் போகிறாள்.

அந்த மில்க் ஷேக்குக்காகவே ‘ரோமா’வை நான் நம்புகிறேன். அழுததால் எதுவும் மாறிவிடவில்லை என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அதை வைத்துத் திரும்பிப் பார்த்தால் முதல் படத்தின் மேல் கோபமும் குறைகிறது. அதன் குரலின் உணர்ச்சியற்ற தன்மை ஒருவிதக் குற்றவுணர்வாகவே இப்போது கேட்கிறது. வழியில் நிறுத்தாமல் போன ஒருவன், பிற்பாடு அந்த ஊரின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல.

6

கடைசி நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஆபீஸ் அலர்ட் எழுப்பிவிட்டது. அந்த வாரம் ஆன்-கால் நான். பிரச்சினையை முடித்துவிட்டு பால்கனிக்கு வந்தேன். கடற்கரையில் டார்ச் வெளிச்சத்தில் பத்துப் பதினைந்து பேர் சர்காசம் என்கிற கடற்பாசியை வாரிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கரைகளில் 2015லிருந்து அது பெருமளவில் ஒதுங்குகிறது. அழுகினால் முட்டை நாற்றம். நாங்கள் எழுந்து வரும்போது மணல் வெள்ளையாக இருந்ததற்குக் காரணம் இவர்கள். மெக்சிகோவில் கடற்கரை பொதுச்சொத்து. வழியை மறித்தால் ஓட்டலுக்கு அபராதம் போடலாம் என்று 2020இல் சட்டம்கூடத் திருத்தினார்கள். ஆனால் எங்கள் கரையில் நான்கு நாளும் உள்ளூர்க் குடும்பம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. உள்ளூர்க்காரர்கள் வந்தது இந்த நேரத்தில்தான், கையில் வாரியோடு.

தினமும் எங்கள் அறையைச் சுத்தம் செய்து, டவலை அன்னமாக மடித்து வைத்து மகளைச் சிரிக்க வைத்த அக்காவின் சட்டையில் ஒரு பெயர்ப்பட்டை உண்டு. பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ஊர். கிளம்பும்போதுதான் படித்தேன். சியாபாஸ். வெகு தூரம். லாக்கரைத் திறந்து பர்ஸை எடுத்து, இருந்ததில் கொஞ்சம் கொடுத்தேன். அவர் என் மகளின் தலையைத் தொட்டு ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை.

முதல் படம் ஒரு காபிக் கடையில் முடிகிறது. லூயிசா அந்தப் பயணத்துக்கு ஒரு மாதத்தில் புற்றுநோயில் இறந்துவிட்டாள், தெரிந்தேதான் வந்திருந்தாள். நண்பர்கள் இருவரும் இனிச் சந்திக்கப்போவதில்லை. டெனோச் எழுந்து போய்விடுகிறான். தனியாக உட்கார்ந்திருக்கும் ஹூலியோ பில் கேட்கிறான். அத்தோடு படம் முடிந்துவிடுகிறது.

கீழே வரவேற்பறையில் கத்தரிக்கோலோடு ஒருவர் தயாராக இருந்தார். கையை நீட்டினேன். பட்டை இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்திருந்தது. கொடுக்க வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒன்றும் இல்லை என்றார்.