தலையில் தண்ணீர், தாளில் மதம்

“நம்பிக்கை எங்களுக்கு இல்லை, ஆனால் நல்ல பள்ளியில் இடம் வேண்டுமே! குழந்தையின் தலையில் கொஞ்சம் தண்ணீர். அதனால் என்ன குடிமுழுகிவிடும்?”

பூசைக்குப் போகாத, பெயரளவில் கத்தோலிக்கரான பெற்றோர் இவ்வாறு கேட்பதுண்டு. காரும் கைப்பேசியும் செய்யும் திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத் தொழிலாளத் தோழர்களுக்கும் பிள்ளையின் பள்ளிக் கவலை புதிதன்று. ஆகவே, அந்தக் கேள்வியை எடைபோட்டுப் பார்ப்போம்.

அவர்கள் கணக்கு வெறுங்கணக்கன்று. சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவு தருகிறது. நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு 25 விழுக்காடு இடம் கேட்கும் கல்வி உரிமைச் சட்டம் அப்பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. அயர்லாந்திலோ, 2018ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, இடம் போதாத கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி, ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையை முதலில் சேர்க்க முடிந்தது. சடங்கு, சேர்க்கைச் சீட்டாயிற்று!

ஆனால், தோழர்களே, அந்தச் சீட்டின் மறுபக்கம் என்ன? புதுச்சேரியிலே ஒரு பெண். 1991இல், பேச்சறியாப் பருவத்தில், ஞானஸ்நானம். வளர்ந்தபின், தாம் இந்து என்று கூறி, அரசு எழுத்தர் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்று கோரினார். 2024 நவம்பர் 26இல் உச்சநீதிமன்றம் மறுத்தது. அவர் தேவாலயம் செல்வதையும் எடுத்துரைத்தது. எனினும், முப்பத்து மூன்று ஆண்டுக்குப் பின்னும் எழுந்து வந்து சாட்சி சொன்னது அந்தப் பழைய பதிவேடு!

1950ஆம் ஆண்டு ஆணை, பட்டியலில் இந்துவுக்கு இடம் தந்தது. 1956இல் சீக்கியர், 1990இல் பௌத்தர் சேர்ந்தனர். கிறித்தவருக்கோ கதவு திறக்கவில்லை. மதம் மாறினால் சாதிக் கொடுமை மறைந்துவிடுகிறதா? இல்லை, உரிமைதான் மறைகிறது! தாய்தந்தையர் போட்ட கணக்கு. தண்டம் கட்டுவது பிள்ளை.

திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டமே, குழந்தை கத்தோலிக்க நெறியில் வளருமென்ற நம்பிக்கை அறவே இல்லையேல் ஞானஸ்நானத்தைத் தள்ளிவைக்கச் சொல்கிறது. நம்புவோரை நாம் இங்கே குறைகூறவில்லை. நம்பாமலே வாக்குறுதி தருவோரைக் கேட்கிறோம்: கல்விக்கு முதற்படி பொய்யா?

பிள்ளையின் நெற்றியை ஈடுவைத்து இடம் வாங்காதீர். அடுத்த தெரு அரசுப் பள்ளிக்கு ஆசிரியர் கேளுங்கள், கட்டடம் கேளுங்கள், கூடிக் கேளுங்கள். ஆலையில் கூலிக்குச் சங்கம் கண்ட கைகளுக்கு, அது ஆகாத செயலா?

மதம் வேண்டுமா, வேண்டாமா? வளர்ந்தபின் பிள்ளை சொல்லட்டும்!