தமிழ் ராப்பில் முதலிடம் யாருக்கு?

உலகின் தலைசிறந்த ராப்பர் யார் என்ற சண்டை அமெரிக்காவில் ஓய்ந்ததே இல்லை. டூபாக், நாஸ், எமினெம் என்று ஆளுக்கொரு கட்சி உண்டு. 2018இல் கென்ட்ரிக் லமாரின் இசைத்தொகுப்புக்குப் புலிட்சர் பரிசு கிடைத்ததும் அவருடைய கட்சிக்காரர்கள் குரலை உயர்த்திவிட்டார்கள். தமிழிலும் இப்போது சண்டை போடும் அளவுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். யோகி பி, ஹிப்ஹாப் தமிழா ஆதி, அறிவு என்ற மூன்று பெயர்களைச் சுற்றித்தான் பேச்சு பெரும்பாலும் நடக்கிறது. நான் அறிவின் கட்சி. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை படத்தில் பாடினார் என்ற கணக்கை ஒதுக்கிவிட்டு, தமிழைத் தாளத்தில் நிறுத்துவதில் யார் புதிதாக ஒன்றைச் செய்தார் என்று கேட்டால் வழக்கு அவர் பக்கம்தான் சாய்கிறது.

ராப்பின் உயிர் அடியின் கடைசியில் ஒலி ஒத்து விழுவதில் இருக்கிறது. ஆனால் தமிழில் அது மிக மலிவான சரக்கு. நம் வாக்கியம் வினைமுற்றில் முடிவதால் ‘கிறேன்’, ‘கிறான்’ என்று அடுக்கினாலே இயைபு தானாக வந்துவிடும்; மூன்றாவது அடியிலேயே சலித்தும்விடும். நம்முடைய செய்யுள் மரபு அழகை அடியின் தலையில் வைத்தது, மோனையிலும் எதுகையிலும். திருப்பரங்குன்றத்தைப் பாடிய அருணகிரிநாதர், குறிலையும் நெடிலையும் வல்லினத்தையும் மெல்லினத்தையும் மாற்றி மாற்றி அடுக்கிச் சந்தத்தை ஓட்டிக் காட்டியவர். அதற்காக அவரையே முதல் ராப்பர் என்று சொல்லும் மேடைப் பேச்சு வேண்டாம். பக்தி இலக்கியத்துக்கும் அதில் மரியாதை இல்லை, ராப்புக்கும் இல்லை. வேகமும் தாளமும் தமிழுக்கு இரவல் சரக்கல்ல என்பதற்கு மட்டும் அவருடைய திருப்புகழ் சாட்சி. ஆகவே தமிழ் ராப்பர் ஒருவரை அளக்கும்போது, மலிவான இயைபை விட்டு எவ்வளவு தூரம் போனார் என்று பார்ப்பதே நியாயம்.

‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ 1994இல் ராப் என்ற சொல்லை ஊரறியச் செய்தது. சுரேஷ் பீட்டர்ஸ், ஷாகுல் ஹமீது ஆகியோருடன் அதில் ஒலிப்பது தேனி குஞ்சரம்மாளின் நாட்டுப்புறக் குரல் என்பதை தேனிப் பக்கத்து ரசிகர்கள்கூட மறந்துவிடுகிறார்கள். அது சினிமாவுக்கான வேடிக்கை. ராப்பை முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்ட குரல் மலேசியாவிலிருந்து வந்தது. 2006இல் யோகி பி & நட்சத்ரா வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பில், இளையராஜாவின் ‘நிழல்கள்’ படப் பாட்டான ‘மடை திறந்து’ புதுப் பிறவி எடுத்தது. தமிழில் முழு நீளத்துக்கு ராப் நிற்கும் என்று அந்தத் தொகுப்பு காட்டியது. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ‘கிளப்புல மப்புல’ மூலம் ஆதி அதைக் கல்லூரி விடுதிகளுக்குள் கொண்டுபோனார். இருவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் இருவரிடமும் பேச்சின் தோரணை அமெரிக்காவுடையது. சொல் மட்டும் நம்முடையது.

அரக்கோணத்துக்காரரான அறிவு மாற்றியது அந்தத் தோரணையை. பா. ரஞ்சித்தும் டென்மாவும் உருவாக்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியபோது கானாவும் பறையும் ராப்பும் ஒரே வரிசையில் நின்றன. அந்தக் குழுவில் கற்றதை 2019இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ தொகுப்பில் கூர்மையாக்கினார். 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யில் அது முழுமை பெற்றது. வினைமுற்றை நம்பாமல் உறவுகளையும் உயிர்களையும் விளித்து விளித்து அடியை நகர்த்துகிறார். ஒப்பாரி வைக்கும் பெண்கள் செய்வதும் அதுதான். பொருளும் வடிவத்தோடு ஒட்டுகிறது. அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பியவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. மண்டபம் முகாமில் இறங்கியவர்களில் மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து தோட்டத்துக்குப் போனவர்களின் வாரிசுகள் ஏராளம். அந்தக் கதை சரித்திரப் புத்தகத்தில் ஒரு பத்தி. கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்கு அதைக் கொண்டுவந்தது ஒரு ராப்பர்.

எதிர்வாதங்கள் லேசானவை அல்ல. அந்தப் பாட்டு அவருடையது மட்டும் இல்லை என்பார்கள். உண்மைதான், சந்தோஷ் நாராயணனின் இசையும் பாடகி தீயின் குரலும் இல்லாமல் அது அவ்வளவு தூரம் போயிருக்காது. யாருக்கு எவ்வளவு பங்கு என்ற தகராறு 2022 செஸ் ஒலிம்பியாட் மேடையை ஒட்டிப் பகிரங்கமானது. ஆனால் இங்கே எடைபோடுவது சொல்லை, வரிகள் அறிவுடையவை. நாக்கின் வேகத்தில் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பால் மேல் என்பார்கள். ஒப்புக்கொள்ளலாம், ஆனால் அந்த வேகம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஓடுகிறது. உலகப் புகழில் ராப் பாடகி மாயா அருள்பிரகாசம் எல்லாரையும் தாண்டியவர்; அவருக்கும் இதே பதில். அரசியல் அதிகம் என்ற புகார்தான் எனக்குப் புரியாதது. நியூயார்க்கின் ஏழைத் தெருக்களில் பிறந்த கலையிடம் அரசியல் பேசாதே என்றால் மிச்சம் என்ன இருக்கும்? ஒரே ஒரு குறை நிற்கிறது: சினிமாவுக்கு எழுதியதில் பாதி அவருடைய தரம் இல்லை. ‘வாத்தி ரெய்டு’ ரசிகர்கள் என்னை மன்னிக்கட்டும்.

யோகி பி தொடங்கினார், ஆதி பரப்பினார், அறிவு அதைத் தமிழாக்கினார், முதலிடம் மூன்றாமவருக்கே. மறுப்பவர்கள் ‘தெருக்குர’லை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை கேட்டுவிட்டு வாதத்துக்கு வரட்டும்.