மணிப்புறாவின் குச்சி வீடு

கூடு கட்டுவதில் புள்ளிப்புறாவுக்கு இணையான சோம்பேறி கிடையாது. மணிப்புறா என்று நம் ஊர்களில் சொல்வார்களே, அதுதான். ஆண் ஒவ்வொரு குச்சியாகக் கொண்டுவந்து கொடுக்க, பெண் உட்கார்ந்த இடத்திலேயே அதைச் செருகிக்கொள்ளும். முள்மரம், பூந்தொட்டி, ஏசி பெட்டியின் மேல்புறம், எதுவானாலும் சரி. கீழே நின்று அண்ணாந்தால் குச்சிகளின் இடுக்கில் இரண்டு வெள்ளை முட்டைகள் தெரியும். காற்றடித்தால் நமக்குத்தான் பதறும்.

ஆனால் பிள்ளை வளர்ப்பில் குறை சொல்ல முடியாது. இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். சுமார் இரண்டு வாரத்தில் குஞ்சு பொரியும். தாய், தந்தை இரண்டின் தொண்டைப்பையிலும் பால் போன்ற கெட்டியான உணவு சுரக்கும். குஞ்சு பெற்றோரின் வாய்க்குள் அலகை விட்டு அதை வாங்கிக்கொள்ளும்.

அழகு கழுத்தில் இருக்கிறது. கறுப்புப் பட்டையில் வெள்ளைப் பொட்டுகள். ஆண் தலைவணங்கிக் குனுகும்போது பிடரி உப்பி அத்தனையும் விரியும். இளம்பறவைக்கு இந்த அலங்காரம் இன்னும் வந்திருக்காது. தண்ணீர் குடிப்பதும் தனி ரகம். கோழி ஒவ்வொரு மிடறுக்கும் தலையைத் தூக்கும். இது அலகை அமிழ்த்தி ஒரே மூச்சாக உறிஞ்சும்.

ஆஸ்திரேலியாவுக்கும் ஹவாய்க்கும் மனிதர்கள் கொண்டுபோய் விட்டார்கள், அங்கேயும் நிலைத்துவிட்டது. காக்கை முட்டையைத் தூக்கிப் போனாலும் அசராமல் அடுத்த ஈடு இடும் பறவைக்கு அது பெரிய காரியமா என்ன? கூடு மட்டும் அங்கேயும் அதே லட்சணம்தான்.